நாற்பதாம் ஆவணி: விட்சண்டே தீவுகளில் பாய்விரித்த பயணம்

எங்கள் திருமணத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவைச் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் ஒரு மண்டபம் எடுத்து, உறவினரையும் நண்பரையும் அழைத்து, மூன்று தட்டுக் கேக்கோடும் பழைய படங்களின் தொகுப்போடும் கொண்டாடவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். அவர்களது அன்பை நானும் என் கணவரும் நன்கு அறிவோம், ஆனாலும் இணங்கவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாள்கள், அரங்கேற்றங்கள், திருமணங்கள் என்று இத்தனை வருடங்களில் நாங்கள் நடத்திய விழாக்கள் எல்லாவற்றிலும் அவர் ஒரு வாசலிலும் நான் மறு வாசலிலும் நின்று விருந்தினரை வரவேற்றிருக்கிறோமே தவிர, இருவரும் அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்த பொழுதுகள் மிகக் குறைவு. ஆகவே, மாலுமி வைக்காமல், சமையலாள் வைக்காமல், ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள விட்சண்டே தீவுகளிடையே நாங்கள் இருவருமே செலுத்திச் சென்றோம். நெடுநாள் வாழ்ந்த தம்பதியருக்கு இதைவிடச் சிறந்த கொண்டாட்டம் இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறுபதைக் கடந்த வேறு தம்பதியரும் இதைப் பற்றி எண்ணிப்பார்க்கவேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இப்படி மாலுமியில்லாமல் படகை வாடகைக்குக் கொடுக்கும் முறை விட்சண்டேயில் நெடுங்காலமாகவே நடைமுறையில் உள்ளது. படகோட்டும் உரிமம் வேண்டியதில்லை என்று கேட்டபோது என் மகள் திடுக்கிட்டாள். ஆனால் உரிமம் கேட்கவில்லை என்பதால் யாரையும் கடலுக்குள் தள்ளிவிடுவார்கள் என்று பொருளல்ல. எங்களுக்கு எவ்வளவு பழக்கம் என்று முன்கூட்டியே விசாரித்தார்கள். புறப்படும் நாளில் பல மணிநேரம் படகிலேயே அமர்த்தி, இயந்திரம், மின்கலம், எரிவாயு, நங்கூரம், வானொலி, வரைபடம் என்று ஒவ்வொன்றையும் செய்துகாட்டி, எங்களையும் செய்யவைத்தார்கள். பிற்பகல் நான்கு மணிக்குள் நங்கூரமிட்டுவிடவேண்டும், இருட்டில் பாய்விரிக்கக்கூடாது, காலையும் மாலையும் வானொலியில் எங்கே நிற்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று சொல்லவேண்டும். அதற்கு முன்பே நாங்கள் சிட்னித் துறைமுகத்தில் வார இறுதிகளில் நடந்த தொடக்கப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அது போதாது என்று கருதி, முதல் நாள் மட்டும் எங்களோடு வர ஓர் அனுபவசாலியைக் கட்டணம் கொடுத்து அழைத்துக்கொண்டோம். அந்தப் பணம் மிகவும் பயனுள்ள செலவு. தயங்காமல் அதைச் செய்யுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை.

பாய்மரப் படகு என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்தவள். எங்கள் ஊர், பாய்க்கப்பல்களைக் கட்டி, அவற்றில் நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் போய்வந்து வாணிபம் செய்த ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை, சிறு படகிலே உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி 1930-களில் விலைக்கு வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர்க் கடலோடிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாகவும் அத்திலாந்திக் கடலைக் கடந்தும் கொண்டுசென்று, 1938-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் இருக்கமுடியாது. என் தாத்தாவும் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பலின் தலைவராக, இருந்தவர்தான். வாடைக் காற்று எப்போது திரும்பும், சோழகம் எப்போது பலக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளையின் பேச்சு.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எவரும் வத்தை என்ற படகில் கால்வைத்ததில்லை. கரையிலிருந்து கையசைப்பதோடு எங்கள் கடல் முடிந்துவிடும். 'நானும் வரட்டா தாத்தா' என்று சிறுமியாக இருக்கும்போது கேட்டிருக்கிறேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மண்டான் படகில் ஏறிப் போய்விடுவார். பின்பு போர் வந்தது. நான் வளர்ந்த கரையிலிருந்து மீனவர்கள்கூடச் சுதந்திரமாகக் கடலுக்குப் போகமுடியாத காலம் பல வருடங்கள் நீடித்தது. அதற்குள் நாங்களும் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். என் கணவரோ கோப்பாயில் செம்மண் தோட்டத்துக்கும் துலாக் கிணற்றுக்கும் நடுவே வளர்ந்தவர். கடலோடு அவருக்கு ஒரு தொடர்பும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்தான், பிள்ளைகள் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கணினியில் ஒரு படகின் படத்தைக் காட்டி, "இஞ்சே, இதில நீர் சுக்கானைப் பிடியும், நான் கயிறு இழுக்கிறன்" என்றார். நாற்பது வருடங்களில் அவர் எனக்குத் தந்த பரிசுகளில் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதையும் என்னால் வைக்கமுடியாது.

மெக்கேக்கும் போவனுக்கும் இடையே கரையோரமாகச் சிதறிக்கிடக்கும் எழுபத்துநான்கு தீவுகளை விட்சண்டே என்று அழைக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் மனிதர் குடியில்லை. தேசியப் பூங்காவாகவே விடப்பட்டுள்ளன. இவை கடலிலிருந்து எழுந்த தீவுகளல்ல. கடைசிப் பனியூழியின் முடிவில் கடல்மட்டம் உயர்ந்து பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தபோது மிஞ்சிய மலைமுகடுகள். படகிலிருந்து பார்க்கும்போதே அது புரிந்துவிடும்: மலை நேராகச் சரிந்து நீருக்குள் இறங்கும், கரையோரமாக ஊசியிலை மரங்கள் செங்குத்தாக நிற்கும், உட்குடாக்கள் பள்ளத்தாக்கின் வடிவிலேயே வளைந்து வளைந்து உள்ளே போகும். வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு நீண்டுகிடக்கும் பெரும் பவளத்திட்டு பெருங்கடலின் பேரலைகளைத் தடுத்துவிடுவதால், உள்ளே காற்று வலுத்தாலும் அலை ஓரளவுக்கு மேல் எழுவதில்லை. புதியவர்கள் பாய்விரிக்க ஏற்ற இடமாக இது அமைந்ததற்கு இதுவே முக்கிய காரணம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று ஏறக்குறைய நிலையாக வீசும். எங்கள் திருமணம் ஆவணியில் நடந்தது என்பதால், காற்றும் இருக்கும், கூனல்முதுகுத் திமிங்கிலங்களும் குட்டிகளோடு இருக்கும் காலம் எங்களுக்கு இயல்பாகவே அமைந்துவிட்டது.

ஏர்லி பீச் துறையிலிருந்து வெளியேறி, விட்சண்டே நீரிணையின் திறந்த நீருக்கு வந்ததும், படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பெரிய பாயை ஏற்றினோம். அவர் கயிற்றை உருளையில் சுற்றிச் சுற்றி இழுத்தார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறியது. முன்பாயையும் விரித்து, படகைச் சற்று விலக்கி, இயந்திரத்தை நிறுத்தியதும், என் கைக்குள் இருந்த சக்கரம் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டது. இயந்திரத்தில் ஓடும்போது அது வெறும் சக்கரம். பாயில் ஓடும்போது காற்றின் அழுத்தமும் நீரின் அழுத்தமும் அதன் வழியாக உள்ளங்கைக்கு வருகின்றன. காற்று சற்றுப் பலத்தால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சக்கரம் கனக்கும். அந்தக் கனம் தொடர்ந்து இருந்தால் பாய் அதிகம், குறைக்கவேண்டும் என்று பொருள். முதல் நாள் எங்களோடு வந்த வழிகாட்டி இதைச் சொல்லித் தந்தார். ஆனால் கைக்குத் தெரிந்தபின்தான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் வர, படகு ஒருபுறம் சரிந்து, மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் ஹுக் தீவை நோக்கி ஓடியது. என் கணவர் மேல்பக்கத்து விளிம்பில், பாதுகாப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு அமர்ந்து, பாயின் ஓரம் நடுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் கார் ஓட்டுவது எப்போதும் அவர். வழியைக் கவனிப்பது எப்போதும் நான். அந்தப் பிற்பகலில் அது தலைகீழாகியது; இருவருக்கும் அது பிடித்திருந்தது.

பாயைவிட, ஒரு தம்பதியை உண்மையாகச் சோதிப்பது நங்கூரம்தான். ஹுக் தீவின் தென்புறத்தில் நாரா என்ற நீண்ட ஒடுங்கிய குடா இருக்கிறது. இருபுறமும் மலை, அடியில் சேறு, எந்தத் திசைக் காற்றிலும் ஓரளவு அமைதி. முதல் இரவு அங்கேதான். நங்கூரமிடும்போது ஒருவர் முன்னணியத்தில் நிற்கவேண்டும், மற்றவர் பின்னால் சுக்கானில் நிற்கவேண்டும். இடையே முப்பத்தாறு அடி நீளப் படகும், இயந்திர ஓசையும், சங்கிலி இறங்கும் பேரோசையும். கத்தினாலும் கேளாது. அதிலும் என் கணவர் சில வருடங்களாகச் செவிக்கருவி அணிகிறவர். உப்புநீர் படும் என்று அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். ஆகவே ஏர்லி பீச்சிலேயே கைச்சைகைகளை நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். நேராக நீட்டிய கை என்றால் அந்தத் திசையில் போ. உயர்த்திய முட்டி என்றால் நிறுத்து. பின்னோக்கிக் காட்டினால் மெதுவாகப் பின்வாங்கு. இவ்வளவுதான். விளக்கமோ கேள்வியோ மறுப்போ அந்தச் சைகைகளில் இடம்பெறாது.

எவ்வளவு சங்கிலி விடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நான்கு மீற்றர்வரைகூட ஏறும். நாங்கள் நின்ற இடத்தில் ஆழமானி ஆறு மீற்றர் காட்டியது. அட்டவணைப்படி இரவில் இன்னும் மூன்று மீற்றர் ஏறும். நீர்மட்டத்திலிருந்து முன்னணியம்வரை ஒரு மீற்றர். மொத்தம் பத்து. அதன் ஐந்து மடங்கு, ஐம்பது மீற்றர் சங்கிலி. சங்கிலியில் பத்து மீற்றருக்கு ஒருமுறை வண்ணம் பூசியிருந்தார்கள். காற்றை நோக்கிப் படகை மெல்லக் கொண்டுபோய் நிறுத்தினேன்; அவர் முட்டியை உயர்த்தினார்; நங்கூரம் இறங்கியது. படகு காற்றில் தானாகவே பின்வாங்க, வண்ணங்கள் ஒவ்வொன்றாக உருளையைத் தாண்டிப் போயின. ஐந்தாவது வண்ணம் வந்ததும் மீண்டும் முட்டி. பிறகு இயந்திரத்தைப் பின்னோக்கிக் கொடுத்து இழுத்துப் பார்த்தேன்; சங்கிலி கம்பிபோல விறைத்து, படகு அசையாமல் நின்றது. கரையில் ஒரு பாறையையும் அதன் பின்னே ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கோடு மாறவில்லை என்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது. "பிடிச்சிட்டுதப்பா" என்று முன்னாலிருந்து அவர் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்றால், எங்களைப் போன்ற தம்பதியர் பலரிடம் காலப்போக்கில் ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. மற்றவர் சொல்லப்போவது தெரியும் என்ற நினைப்பில் பாதியிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். ஒருவர் செய்யும் வேலையை மற்றவர் திருத்துகிறோம். அல்லது கேட்காமலே விட்டுவிடுகிறோம். நங்கூரமிடும் அந்தப் பத்து நிமிடங்களில் இவற்றில் எதற்கும் வழியில்லை. முன்னால் நிற்பவருக்கே சங்கிலி தெரியும். பின்னால் நிற்பவருக்கே ஆழமும் வேகமும் தெரியும். ஒருவர் காணாததை மற்றவர் கண்டு சொல்வதை அப்படியே நம்பிச் செய்யவேண்டும். மாலையில் ஒவ்வொரு குடாவிலும் இதையே மீண்டும் செய்தபோது, அவர் கையை உயர்த்தும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரங்களில், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னான நாட்களுக்குப் பிறகு நான் என் கணவரை இப்படி இமைக்காமல் பார்த்ததில்லை என்ற எண்ணம் வந்தது.

நாரா குடாவின் உட்புறத்தில், ஓர் ஓடையோரம் சிறிது ஏறினால், ஙாரோ என்ற பழங்குடி மக்களின் பாறை ஓவியங்கள் உள்ள குகை இருக்கிறது. இந்தத் தீவுகளில் அவர்கள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வருடங்கள் வாழ்ந்த சான்று அங்கே கிடைத்திருக்கிறது. அவர்கள் கடலோடிகள், மரப்பட்டையால் கட்டிய ஓடங்களில் தீவுக்குத் தீவு சென்று, மீனும் ஆமையும் பிடித்து வாழ்ந்தவர்கள். 1770-இல் ஜேம்ஸ் குக் இந்த நீரிணை வழியாகப் போனபோது இவர்களது ஓடங்களும் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. கடலை நம்பி வாழ்ந்த ஒரு சமூகம் தன் கடலிலிருந்து அகற்றப்பட்டது என்றால் என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். அங்கே அமைக்கப்பட்டுள்ள மேடையில் நின்று அவ்வோவியங்களைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

அடுத்தது வைட்ஹேவன் கடற்கரை என்று திட்டமிட்டிருந்தோம். ஆனால் காலை வானொலியில் காற்று இருபத்தைந்து நொட்டுக்கு, அதாவது மணிக்கு இருபத்தைந்து கடல் மைலுக்கு, உயரும் என்று அறிவித்தார்கள். வைட்ஹேவன், இந்தத் தீவுக்கூட்டத்தில் விட்சண்டே என்றே பெயர்கொண்ட தீவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போக வடக்கே ஹுக் நீரிணை, தெற்கே சோல்வே நீரிணை என்று இரு வழிகள். இரண்டும் ஒடுங்கியவை. இந்தப் பகுதியில் கடல் பெருக்கு தெற்கு நோக்கியும் வற்று வடக்கு நோக்கியும் ஓடும். தென்கிழக்குக் காற்று பலமாக வீசும்போது பெருக்கு அதற்கு எதிராக ஓடினால், ஒடுங்கிய இடங்களில் நீர் குறுகிய செங்குத்தான அலைகளாக எழும்பும். சோல்வே நீரிணை அதற்குப் பேர்போனது. வற்று ஓடும் நேரத்தில் சமாளிக்கலாம் என்றார் அவர். காற்று ஒருநாளில் அடங்கும், காத்திருக்கலாம் என்றேன் நான். வரைபடத்தையும் அட்டவணையையும் மேசையில் விரித்து வைத்து, நேரம் குறித்து, தூரம் அளந்து பேசினோம். எங்கள் வீட்டில் முடிவுகள் இப்படிக் காகிதத்தை முன்வைத்து எடுக்கப்பட்டிருந்தால் எத்தனை வாக்குவாதங்கள் தவிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவருக்குச் சந்தேகம் என்றால் இருவரும் போவதில்லை என்று புறப்படும்போதே பேசியிருந்தோம். அதன்படி தெற்கே சற்றுத் தள்ளியுள்ள சிட் ஹார்பர் என்ற பெரிய குடாவுக்குப் போய் நங்கூரமிட்டு நின்றோம். அங்கே 2018-இல் சுறாக்கள் தாக்கியதில் ஒருவர் உயிரிழந்தார். நீந்தவேண்டாம் என்ற எச்சரிக்கையை வரும் எல்லாப் படகுகளுக்கும் சொல்கிறார்கள். குளிக்க நாங்கள் படகின் நன்னீரையே சிக்கனமாகப் பயன்படுத்தினோம்.

இப்படியாக எங்கள் நாற்பதாவது திருமண நாள் காற்றுக்கு ஒதுங்கிய ஒரு குடாவில் கழிந்தது. மழைச்சாரல் விட்டுவிட்டு அடித்தது. விடியலில் எழுந்து, படகின் சிறு அடுப்பில் சர்க்கரைப் புக்கை கிண்டினேன். அந்த அடுப்பு இரு முனைகளில் தொங்குவதால், படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கி ஆபத்தாகும். எனவே சமைத்து முடித்ததும் உருளையின் வாயிலேயே மூடிவிடவேண்டும். அந்த வேலையை அவர் தம் பொறுப்பாக எடுத்து, நான் அடுப்பை அணைத்தேன் என்று சொல்வதற்குள் போய் மூடிவிட்டு வந்து உட்காருவார். இருவரும் நெற்றியில் திருநீறு பூசி, தேவாரம் ஒன்று பாடி, வாழையிலை இல்லாமல் பிளாஸ்டிக் தட்டில் புக்கை சாப்பிட்டோம். தொலைபேசித் தொடர்பு வந்தும் போயும் இருந்ததால் பிள்ளைகளின் வாழ்த்துகள் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன.

அன்று பகல் முழுவதும் வேறு வேலை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். 1984-இல், ஊரில் நிம்மதி இல்லாத நாட்களில், நெருங்கிய உறவினர் மட்டும் கூடி நடந்த எங்கள் திருமணத்தைப் பற்றி அவர் பேசினார். மணமுடித்து எங்கள் வீட்டில் தங்கிய முதல் இரவு அவர் ஒரு கண்ணும் உறங்கவில்லையாம். வீட்டுக்குப் பின்னால் கல்லில் வந்து அடிக்கும் கடலின் ஓசை அவருக்கு அச்சத்தைத் தந்ததாம். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை கடலுக்குப் பயப்படுகிறான் என்று மாமனார் நினைத்துவிடுவாரோ என்று யாரிடமும் சொல்லவில்லையாம். "ஏன் எனக்கும் சொல்லேல்லை?" என்றேன். "அப்ப உம்மை எனக்கு ஒருநாள்தானே தெரியும்" என்றார். நாற்பது வருடங்களாக எனக்குத் தெரியாத ஒன்றை, அலை படகின் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். மண்டபத்தில் இருநூறு பேர் நடுவே இந்தப் பேச்சு நிச்சயமாக வந்திராது.

காற்று அடங்கியபின், வற்று ஓடும் வேளை பார்த்து ஹுக் நீரிணை வழியாகக் கிழக்குப் பக்கம் போனோம். வைட்ஹேவன் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு கிலோமீற்றர் நீளம். மணலில் ஏறக்குறைய 98 விழுக்காடு தூய சிலிக்கா. அதனால் உச்சிவெயிலிலும் காலைச் சுடுவதில்லை. அந்தத் தீவின் பாறைகளிலிருந்து உண்டான மணல் அல்ல அது. கடல் நீரோட்டங்கள் வெகுகாலமாகக் கொண்டுவந்து சேர்த்தவை என்கிறார்கள். வடக்கு முனையிலுள்ள ஹில் இன்லெட்டை மேலிருந்து பார்க்கும் மேடைக்கு ஏறுவதானால், கடல் வற்றியிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் மணல் திட்டுகளும் நீரும் கலந்து வளையும் கோலம் முழுமையாகத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறிவிடலாம், நான் ஏறினேன்.

திரும்பும் வழியில் ஹுக் தீவின் வட குடாக்களில் முகமூடி அணிந்து பவளத்தைப் பார்த்தோம். 2017 மார்ச்சில் டெபி புயல் இந்தப் பகுதியை நேராகத் தாக்கியபோது இங்கிருந்த பவளம் பெரிதும் உடைந்தது. இறந்த பவளத் துண்டுகள் கரையில் குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் நீருக்குள் புதிய கிளைகள் முளைத்திருப்பதைக் கண்ணால் கண்டோம். வௌவால் மீன்கள் கூட்டமாக வந்து படகின் நிழலில் நின்றன. அங்கே பவளத்தைக் காக்க வெண்ணிறப் பிரமிடு வடிவ மிதவைகள் கட்டியிருக்கிறார்கள்; அவற்றுக்கு உட்புறம் நங்கூரமிடக்கூடாது. அதற்குப் பதிலாக நீலநிறப் பொது மிதவைகளில் படகைக் கட்டிக்கொள்ளலாம். மிதவையின் கயிற்றைக் கொக்கியால் பிடித்து எடுக்கும் வேலையில் என் கணவர் மிகத் தேர்ந்தவராகிவிட்டார்.

விட்சண்டே நீரிணையில் கடைசியாகப் பாய்விரித்துத் திரும்பியபோது ஒரு தாய்த் திமிங்கிலமும் குட்டியும் எங்கள் முன்னே எழுந்தன. இந்தப் பகுதி திமிங்கிலப் பாதுகாப்பு வலயம் என்பதால் முந்நூறு மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது. நான் படகைத் திருப்பிக் காற்றை விட்டு விலக்க, அவர் பாயைத் தளர்த்தினார். ஒருவரையொருவர் கேளாமலே இருவரும் ஒரே நேரத்தில் அதைச் செய்தோம். குட்டி தாயின் முதுகின்மேல் உருண்டு உருண்டு விளையாடிக்கொண்டே வடக்கு நோக்கிப் போயிற்று.

போக விரும்பும் தம்பதியருக்குச் சில சொற்கள். படகின் ஏணிகளும் குறுகிய வாசல்களும் முழங்காலைச் சோதிக்கும் என்பதால் சில மாதங்கள் முன்னதாகவே நடைப்பயிற்சி செய்யுங்கள். அன்றாட மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். படகுக்குள் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. மடிக்கக்கூடிய துணிப்பைகளே ஏற்றவை. கொட்டும் இழுதுமீன்களின் காலம் நவம்பர் முதல் மே வரை, அக்காலத்தைத் தவிருங்கள், மற்றக் காலத்திலும் உடல் மூடும் நீச்சலுடை அணிவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுக்கானை ஒருவரே பிடித்துக்கொண்டிருக்க விடாதீர்கள். இருவருக்கும் படகைத் திருப்பவும் நிறுத்தவும் வானொலியில் பேசவும் தெரிந்திருக்கவேண்டும். இது பாதுகாப்புக்கும் அவசியம்: ஒருவர் வழுக்கி விழுந்தால் மற்றவர்தான் அவரைக் கரைசேர்க்கவேண்டும்.

அடுத்த ஆவணிக்கும் அதே அளவுள்ள படகைப் பதிவு செய்திருக்கிறோம். இம்முறை தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து, பௌர்ணமியும் அமாவாசையும் படாத, நீரோட்டம் குறைந்த நாட்களாகத் தேர்ந்தெடுத்தோம். சுக்கானைத் தாம் பழகவேண்டும் என்கிறார் அவர். சங்கிலியின் வண்ணங்களை எண்ணி நங்கூரமிட நான் பழகவேண்டும். பயிற்சிக்காகச் சிட்னித் துறைமுகத்தில் மீண்டும் சனிக்கிழமைகளில் போய்வருகிறோம்.